கலா ரீச்சரின் குரல்

ஜெயசுதன் எழுந்ததும் மோட்டரைப் போட்டான். பல் விளக்கினான். தேநீர் ஊற்றி, கோப்பையோடு முற்றத்தில் இறங்கி, தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே நின்று குடித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் றோஸ் அக்காவின் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. தாங்கிக்குள் தண்ணீர் விழும் சத்தம் மாறியது. விளிம்பை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். உள்ளே போய் மோட்டரை நிறுத்தினான். ஒரு சொட்டும் வழியவில்லை. பிறகு குளித்தான். பாணும் பழைய சம்பலும் சாப்பிட்டான். சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனான். மனைவி உதயகலா செத்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான்.

மறுநாள் அவளுடைய ஆட்டைத் திவசம். அவள் செத்து ஒரு வருடம்.

அவன் படிப்பிப்பது பதினோராம் வகுப்புக்கு வரலாறு. ஒரு வருடமாகப் புத்தகத்தைப் பார்த்து வாசித்துவிட்டு வருகிறான். அதற்கு முன்னரும் அந்தப் பிள்ளைகள் அவனுக்குப் பிடி கொடுத்ததில்லை. அவன் ஓர் அரசனின் பெயரைச் சொல்லி வாய் மூட முன்னர், அந்த அரசனின் கோட்டையை ஒளித்து வைத்த போனில் சுற்றிப் பார்த்து முடித்துவிடுகிறவர்கள். “சேர், உங்களை ஒண்டரை மடங்கு வேகத்திலை ஓட விடேலாதோ?” என்று பிரணவன் ஒருநாள் கேட்டான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நல்ல பகிடிதான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது பகிடி என்று அவனுக்கு உறைத்தது.

கலாவுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அதே பாடசாலையில் அவள் விஞ்ஞானம் படிப்பித்தாள். கொரோனா ஊரடங்கில் இருவரும் கொழும்புத்துறையில் அவளுடைய தாய் வீட்டில் அகப்பட்டுக் கிடந்தார்கள். இந்தப் பிள்ளைகள் அப்போது சின்னன்கள். வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பித்தான் பாடம் நடந்தது. முதல் நாளே, “விளங்கினவை கையை உயர்த்துங்கோ பாப்பம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த பதிவில் “ஐயோ, எனக்கு விசர். இதிலை எப்பிடிக் கை தெரியும்?” என்றாள். அடுத்த கணம் அவளுடைய போன் முழுக்க மஞ்சள் கைகள் வந்து விழுந்தன. அன்றைக்கே அவள் அவர்களுடைய ஆளாகிவிட்டாள்.

இடைவேளை மணி அடித்தபோது கலாவின் தாய், மாமி இரத்தினம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது.

“தம்பி, பிள்ளை கதைக்கிறாள்.”

“ஆர் மாமி?”

“எங்கடை பிள்ளை. கலா. என்ரை போனுக்கு வந்திருக்கு. முகத்தோடை கதைக்கிறாள் தம்பி. அம்மா அழாதேங்கோ எண்டு சொல்லுறாள். சாகிறதுக்கு முதல் எப்பவோ பேசி வைச்சிருக்கிறாள். எனக்குத்தான் தெரியாமப் போச்சு.” அழுகைக்குள் சிரிப்பும் கேட்டது. “நாளைக்கு ரிவியிலை போடப் போறன். வாற சனமெல்லாம் கேக்கட்டும்.”

“மாமி, பின்னேரம் வாறன்” என்றான்.

கலா தெருவில் செத்தவள். ஸ்கூட்டியில் போனவளை லொறி அடித்தது. ஆட்கள் ஓடிப் போக முதலே முடிந்துவிட்டது. செத்தவீட்டில் மாமி அவன் கையைப் பிடித்து, “கடைசியா என்ன சொன்னவள்?” என்று கேட்டா. பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்லக்கூடிய சொல்லாக அது இருக்கவில்லை. மாமி அந்தக் கேள்வியை இன்னும் விடவில்லை. இப்போது போனிலிருந்து ஒரு பதில் வந்து சேர்ந்திருக்கிறது.

யார் அனுப்பியது என்று தேட வேண்டி இருக்கவில்லை. ஆசிரியர் அறை வாசலில் ஆரபி நின்றாள். மாமி வீட்டு ஒழுங்கையில் இருக்கிற பிள்ளை. பக்கத்தில் பிரணவன். பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது. அது அவளுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் இருந்தது.

“சேர், ஆட்டைக்கு எண்டு செய்தனாங்கள். முதல் ரீச்சரின்ரை அம்மாவுக்கு அனுப்பினனான். இப்ப உங்களுக்கு.”

கலாவின் படம். அவர்களுடைய கலியாண அல்பத்திலிருந்து எடுத்தது. கண் வெட்டியது. உதடு அசைந்தது. ‘அம்மா, அழாதீங்க. நான் எங்கேயும் போகல. காற்றா, ஒளியா உங்க கூடவே இருக்கேன். ஜெயா, தைரியமா இருங்க.’

“இன்னொருக்காப் போடு” என்றான்.

இரண்டாம் முறை அவ்வளவு அந்நியமாக இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. மூன்றாம் முறை கேட்டால் பழகிவிடும். பிறகு கலா என்று நினைத்தால் இதுதான் முன்னுக்கு வந்து நிற்கும். போனைக் கவிழ்த்து வைத்தான்.

“உதை ஆர் எழுதினது?”

“ஏஐ எழுதினது சேர். குரல் ரீச்சரின்ரை. அந்த ஊரடங்கு வோய்ஸ் எல்லாம் வைச்சிருந்தனான். அதைக் குடுத்து எடுத்தது.”

“ரீச்சர் இந்தியா நாடகம் மாதிரிக் கதைக்கிறா எண்டு நான் அப்பவே சொன்னனான்” என்றான் பிரணவன்.

“நீ வாயை மூடு” என்றாள் ஆரபி.

“மாமி உண்மையெண்டு நம்பிட்டா, ஆரபி” என்றான் ஜெயசுதன். “கலா பேசி வைச்சிட்டுப் போனவள் எண்டு நினைக்கிறா. நாளைக்கு ரிவியிலை போடப் போறாவாம்.”

ஆரபியின் முகம் வெளிறியது. “கீழை ஏஐ எண்டு போட்டிருக்கே சேர்.”

போட்டிருந்தது. மூலையில், சின்ன எழுத்தில், இங்கிலிசில். மாமிக்கு இங்கிலிசு வாசிக்கத் தெரியாது.

“சும்மா விடுவமே சேர்” என்றான் பிரணவன். “அன்ரிக்குச் சந்தோசந்தானே.”

ஆரபி அவனைப் பார்த்தாள். “நாளைக்குச் சொந்தக்காரப் பெடியள் வருவாங்கள். ஒருத்தன் கண்டாப் போதும். ‘அன்ரி, உது ஏஐ’ எண்டு சனத்துக்கு முன்னாலை சொல்லிச் சிரிப்பான். நீயெண்டாலும் சிரிப்பாய்.”



“ஏன் செய்தனீங்கள்?” ஜெயசுதன் கேட்டான். கோபமாகக் கேட்க நினைத்தான். குரல் அப்படி வரவில்லை.

“எங்களுக்கும் கேக்க வேணும் போலை இருந்தது சேர்.” ஆரபி சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். “நீங்கள் வகுப்பிலை ரீச்சரின்ரை பேரையே எடுக்கிறேல்லை. நாங்கள் ஆரிட்டைக் கதைக்கிறது?”

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவனுடைய கையைத்தான் பிடித்தார்கள். இந்தப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு பந்தலுக்கு வெளியே வரிசையாக நின்றது அவனுக்கு ஞாபகம் வந்தது. அவர்களிடம் ஒருவரும் போய் ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை. அவனும் சொல்லவில்லை. இதுகளை எப்படிப் பிடிப்பது என்று மண்டையை உடைத்த காலமெல்லாம், அவனும் அவர்களும் ஒரே ஆளை இழந்தவர்களாக அதே அறைக்குள் இருந்திருக்கிறார்கள்.

“பின்னேரம் போய் நான் சொல்லுறன்” என்றான். “இண்டைக்கே சொல்ல வேணும்.”

“நான்தானே அனுப்பினனான். நான்தான் சொல்லுவன்.”

“அவ ஏசுவா பிள்ளை.”

“ஏசட்டும். நீங்கள் சொன்னா நான் ஒளிச்ச மாதிரி இருக்கும்.”

அவன் அவளை மறிக்கவில்லை.

பின்னேரம் கொழும்புத்துறையில் மாமியின் வீட்டு விறாந்தையில் வாடகைக் கதிரைகள் அடுக்கியிருந்தன. கடல் காற்றில் பந்தல் துணி படபடத்தது. கனடாவிலிருக்கிற மகன் வாங்கிக் கொடுத்த ரிவியைக் கலாவின் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, அதற்கும் ஒரு பூமாலை போட்டிருந்தா மாமி. பிரணவன் வாசல் படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். ஆரபி உள்ளே வந்தாள்.

“அன்ரி, அந்த வீடியோ நான் செய்தது. ரீச்சர் பேசி வைக்கேல்லை. கொம்பியூட்டர் பேசினது.”

மாமி சிரித்தா. “என்னடி விசர்க்கதை கதைக்கிறாய்? பெத்தவளுக்குத் தெரியாதோ பிள்ளையின்ரை குரல்?”

“குரல் ரீச்சரின்ரை மாதிரித்தான் அன்ரி. கதை அவவின்ரை இல்லை. அவ ஒருக்காலும் அப்பிடிச் சொல்லேல்லை.”

மாமி ஜெயசுதனைப் பார்த்தா. இல்லை என்று ஒரு சொல் சொல்லமாட்டானா என்று பார்த்தா.

“ஓம் மாமி” என்றான்.

மாமி கதிரையில் இருந்தா. கொஞ்ச நேரம் மாலை போட்ட ரிவியையே பார்த்துக்கொண்டிருந்தா. “செத்த பிள்ளையை வைச்சு விளையாடுறியளோ? போடி அங்காலை. முகத்திலை முழியாதை.”

ஆரபி அழுதாள். ஆனால் போகவில்லை. போனை எடுத்து எதையோ தேடினாள். “இது உண்மை அன்ரி. ஊரடங்கு நேரம் அனுப்பினது. இதைக் கேட்டிட்டு ஏசுங்கோ.”

காகம் கரைந்தது. குக்கர் விசிலடித்தது. அதற்கு மேலால் கலா: “பிள்ளையள், இலையிலை இருக்கிற பச்சையம் சூரிய ஒளியை... அம்மா! உந்தக் குக்கரை இறக்குங்கோ, பாடம் நடக்குது!” தூரத்திலிருந்து மாமியின் குரல்: “இறக்கிட்டன், இறக்கிட்டன். ஊருக்குக் கேக்கக் கத்தாதை.”

மாமி வாயைப் பொத்திக்கொண்டா. தோள் குலுங்கியது. அழுகை என்று நினைத்து ஜெயசுதன் கிட்டப் போனான். சிரிப்பும் இருந்தது.

“அண்டைக்கு அந்தப் பருப்பு அடிப்பிடிச்சுப் போட்டுது” என்றா. பிறகு, “திரும்ப ஒருக்காப் போடு பிள்ளை” என்றா. ஆரபி போட்டாள். “இன்னும் கிடக்கோ இப்பிடி?”

“கனக்கக் கிடக்கு அன்ரி.”

“அப்ப நாளைக்கு உதைப் போடு. பாடத்தைப் போடு. சனம் கேட்டுப் படிக்கட்டும்.” முகத்தைத் துடைத்தா. துடைத்துக்கொண்டே மருமகனின் பக்கம் திரும்பினா. “தம்பி, அப்ப அவள் கடைசியா என்னதான் சொன்னவள்?”

“பெரிசா ஒண்டும் இல்லை மாமி.”

“பெரிசெல்லாம் கொம்பியூட்டர் சொல்லிப்போட்டுது. அவள் சொன்னதைச் சொல்லுங்கோ.”

ஆரபி அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். படலையடியில் நின்ற பிரணவனும் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தான். வகுப்பில் ஒருநாளும் அவர்கள் இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதில்லை.

ஜெயசுதன் சொன்னான். அன்று காலை அவள் ஹெல்மெட்டைப் போட்டு ஸ்கூட்டியை ஸ்ராட் பண்ணினவள். அவன் உள்ளே பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தவன். படலையைத் தாண்டினவள் பிறேக்கைப் பிடித்து, திரும்பி, வீட்டைப் பார்த்துக் கத்தினாள்:

“இஞ்சருங்கோ! மோட்டரை நிப்பாட்டுங்கோ, ராங்க் வழியுது! றோஸ் அக்காவின்ரை கோழியெல்லாம் நீந்துது!”