பூசை போட்ட பலகை

மண்ணரையில் அந்தப் பனியன் கம்பெனியின் லிப்ட் பழுதாகி இரண்டு வருஷம். மாடியில் கட்டும் அட்டைப்பெட்டிகள், படிக்கட்டின்மேல் சாய்த்துப் போட்ட நீளப் பலகை வழியாகத்தான் கீழே வரும். ஜெயபாண்டி மேலே நின்று பெட்டியை விடுவான். முத்துப்பேச்சி கீழே நின்று பிடிப்பாள். பலகை சொரசொரப்பு, பஞ்சுத்தூசி வேறு அப்பியிருக்கும். பெட்டி பாதியில் நின்றுவிடும். கம்பால் குத்தினால் மிச்சத் தூரம் நகரும்.

ஆயுதபூசைக்கு எல்லாவற்றையும் கழுவினார்கள். "சோறு போடற சாமானெல்லாம் பளபளன்னு இருக்கோணும்" என்று சூப்பர்வைசர் ராஜவேல் கூடவே நின்று வேலை வாங்கினார். கத்தரிக்கோல், தையல் மெஷின், தராசு, கடைசியில் பலகை. அதற்கும் மெஷின் ஆயில் தடவித் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள்.

விடுமுறை முடிந்த காலையில் முதல் பெட்டி. உள்ளே குளிருக்குப் போடும் மேலாடைகள், நல்ல கனம். ஜெயபாண்டி கையை எடுத்தான். பெட்டி கிளம்பியது. போகப் போக வேகம் கூடிக்கொண்டே போனது. முத்துப்பேச்சி பிடிக்கவில்லை, ஒதுங்கிக்கொண்டாள். பெட்டி சுவரில் மோதிப் பிளந்து, வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு தரையில் தேங்கிய தண்ணீரில் கிடந்தது.

"புடிக்கிறதுக்கென்ன?" என்றார் ராஜவேல்.

"பஸ்ஸு வந்தா ஒதுங்கத்தானண்ணே செய்வாக" என்றாள் முத்துப்பேச்சி.

ராஜவேல் மாடியைப் பார்த்துக் கத்தினார். "ஏப்பா, தள்ளி உட்டியா?"

"தள்ளலைண்ணே. கையத்தான் எடுத்தேன்."

"கையெடுத்தா இந்த வேகம் வருமா? குத்திக் குத்தித்தானே இத்தன நாளா இறக்குனோம்? கெளம்பு, வேலை வேண்டாம்."

வேலை போனால் கம்பெனி கொடுத்த அறையும் போகும். மனைவி ஆஷாவுக்கு ஏழாம் மாசம். ஜெயபாண்டி நகரவில்லை.

"நீங்களே ஒண்ணை விட்டுப் பாருங்கண்ணே. பாதியில நின்னா நான் போயிர்றேன்."

ராஜவேல் மாடியேறினார். இருப்பதிலேயே லேசான பெட்டியாக எடுத்தார், குழந்தைகள் பனியன். கீழே சுவரோரம் அவருடைய ஸ்கூட்டர் பூசை மாலையோடு நின்றது.

"அண்ணே, வண்டிய எடுத்துருங்க" என்றாள் முத்துப்பேச்சி.

"இது வந்து சேர்றதுக்குள்ள நீ டீ குடிச்சுட்டு வந்தர்லாம்."

கையை எடுத்தார். பெட்டி லேசு, வேகம் அதே வேகம். ஸ்கூட்டரின் முன்விளக்கு நொறுங்கியது. மாலை அப்படியே இருந்தது.



"தள்ளி விட்டீகளாண்ணே?" கீழிருந்து முத்துப்பேச்சி கேட்டாள்.

"நான் தள்ளலை" என்றார் ராஜவேல்.



ராஜவேல் பலகையில் விரலை வைத்து வழித்துப் பார்த்தார். எண்ணெய். சோப்புப் போட்டுக் கழுவலாம். ஆனால் பூசை போட்டு வைத்த பொட்டை யார் அழிப்பது?

"திருப்பிப் போடுங்க" என்றார்.

அடிப்பக்கத்தை யாரும் துடைத்திருக்கவில்லை. பொட்டு படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த பெட்டி பாதி வழியில் நின்றது.

ஜெயபாண்டி கம்பை எடுத்தான்.

"இப்பத் தள்ளலாமாண்ணே?"

"தள்ளு" என்றார் ராஜவேல், அவன் முகத்தைப் பார்க்காமல்.