பச்சை மூடி, நீல மூடி

பூவிழிக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டும் ஒண்ணாக நடந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் பெரிய பட்டியலே இருக்கிறது. அதில் முதல் பேர் அவளுடைய பேர்தான்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். திருமானூரிலிருந்து கொள்ளிடக் கரையோரம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, கரும்பு வயலுக்கு நடுவே இறங்கினால் அந்தத் தொடக்கப்பள்ளி. ஊர்ப் பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, விடுங்கள். ரெண்டே டீச்சர். நாலாவதும் அஞ்சாவதும் தலைமையாசிரியை கமலவேணிக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று மூன்று வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்து மாரடிப்பது பூவிழி. ஜூன் மாதம்தான் வாலிகண்டபுரம் பக்கமிருந்து மாறுதலில் வந்தாள். இருபத்து மூணு பிள்ளைகள்.

வந்த அன்றைக்கு அறையைப் பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. எழுத்து அட்டை ஒரு மூலை, எண் அட்டை ஒரு மூலை. எண்ணிப் பழகுகிற மணிகளெல்லாம் பகடையோடும் உடைந்த சாக்பீஸோடும் ஒரு சாக்குப்பையில் கிடந்தன. அலமாரியில் இருபத்து மூணு பிளாஸ்டிக் டப்பா, சிலதுக்குப் பச்சை மூடி, சிலதுக்கு நீல மூடி. எதிலும் பேர் இல்லை, ஆனால் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு இருந்தது. முன்னால் இருந்து ரிட்டையர் ஆன சிந்தாமணி டீச்சர், புதுசாகச் சேர்ந்த ஒண்ணாம் வகுப்பு வரை எழுதி வைத்தது. பச்சைக்கு ஒன்பது பேர், நீலத்துக்குப் பதினாலு பேர்.

எங்கேயும் எதுவும் கலைந்து கிடந்தால் பூவிழிக்குச் சோறு இறங்காது. மூணு சனிக்கிழமை வந்தாள், சம்பளமா கொடுக்கிறார்கள்? தூசி தட்டினாள், மணிகளை நிறம் பிரித்துக் கோத்தாள், டப்பாக்களில் இருந்த ஐஸ் குச்சிகளை அந்தந்த டப்பாவிலேயே பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினாள். ஒவ்வொரு டப்பாவிலும் பேர் ஒட்டினாள். பட்டியலைப் பெரிய சார்ட்டில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, அரியலூருக்கு எடுத்துப்போய் லேமினேட் பண்ணி அலமாரி மேலே மாட்டினாள். கீழே சிவப்பு ஸ்கெட்ச்சில் ஒரு விதி: அவரவர் டப்பாவை அவரவரே எடுக்க வேண்டும்.

பிள்ளைகள் அந்த விதியை மீறியதே இல்லை. பெல் அடித்தால் வரிசையாக வந்து எடுப்பதும், முடிந்தால் அதே இடத்தில் வைப்பதும், அட அட, அவளுக்கே கண்பட்டுவிடும் போலிருந்தது. வட்டாரக் கல்வி ஆபீஸிலிருந்து பார்வைக்கு வந்த சார் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார், மாதிரி வகுப்பறை என்று. அம்பத்தாறு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். அவள் எண்ணிப் பார்த்தாள். ஏன் பொய் சொல்ல வேண்டும், ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

அப்படி மூணு மாதம் ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை மூணாம் வகுப்புக்குக் குச்சிக் கட்டு வைத்துக் கூட்டல். நாற்பத்தேழும் முப்பத்தெட்டும். கவியா என்று ஒரு பொண்ணு, வகுப்பிலேயே அவள்தான் சூட்டிகை. மற்றவர்கள் விரல் மடக்குவதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள்.

"டீச்சர், ஒரு கட்டு கொறையுது."

"பரணிகிட்ட ஒண்ணு வாங்கிக்க. அவன் டப்பால நெறைய இருக்கு."

கவியா நகரவில்லை. பக்கத்தில் இருந்த பரணிதரன் டப்பாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். பயல் கெட்டவன் இல்லை, எச்சில் மிட்டாயைக்கூடப் பங்கு போடுகிறவன்.

"அது பச்சை டீச்சர்," என்றான்.

"பச்சைன்னா என்னடா? குச்சி குச்சிதானே? குடு அவளுக்கு."

கவியா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். டீச்சருக்கு ஒரு விஷயம் தெரியவில்லையே என்கிற பொறுமையோடு சொன்னாள்: "நாங்க நீலம் டீச்சர். காலனி நீலம். அவங்க ஊர்த்தெரு. மாத்தி எடுக்கக் கூடாதுல்ல, நீங்களே எழுதிப் போட்டிருக்கீங்க."

பூவிழி திரும்பிச் சார்ட்டைப் பார்த்தாள். பதினாலு பேர் ஒரு பக்கம், ஒன்பது பேர் ஒரு பக்கம், நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. மூணு மாதமாகத் தினம் பார்க்கிற சார்ட். பச்சை டப்பாவில் எல்லாம் முழுசாக இருக்கும், நீலத்தில் எப்போதும் ஏதாவது குறையும். பழைய ஸ்டாக் போலிருக்கு என்று நினைத்தவள் அவள். படித்தவளாம், ஆசிரியையாம்! ஊர்க்காரர்கள் தெருவில் போட்டு வைத்திருந்த கோட்டை, இவள் கண்ணை மூடிக்கொண்டு காப்பியடித்து, லேமினேட் வேறு பண்ணி மாட்டியிருக்கிறாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். அதற்கு அம்பத்தாறு கட்டைவிரல்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனாள். கமலவேணி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள்.

"பச்சை நீலம்னா என்னான்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

கமலவேணி ஒரு வாய் தயிர்சாதத்தை மென்று விழுங்கினாள். அவசரமே இல்லை.

"உக்காருங்க டீச்சர். நீங்க நம்ம ஆளுங்கிறதால மனசு வுட்டுச் சொல்றேன். எட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே பிரச்சனைதான். எம்புள்ள கை வைக்கிற சாமான்ல அதுங்க கை வைக்குதேன்னு நாலு பேரு வந்து நின்னாங்க. சிந்தாமணி டீச்சர் காதும் காதும் வச்ச மாதிரி ரெண்டு கலர்ல டப்பா வாங்கி முடிச்சுட்டாங்க. அப்பறம் ஒரு சண்டை இல்ல, ஒரு சச்சரவு இல்ல."

"சண்டை இல்லையா? எட்டு வயசுப் புள்ள கையப் பின்னாடி கட்டுறா டீச்சர்! யாரு சொல்லிக் குடுத்தது அத? நாமதான் சம்பளம் வாங்கிக்கிட்டுச் சொல்லிக் குடுத்திருக்கோம்!"

"சத்தம் போடாதீங்க. ஊரோட ஒத்து வாழுன்னு சும்மாவா சொன்னாங்க. ஊர்த்தெரு ஒம்பது பேரும் டிசி வாங்கிட்டுப் போனா, அடுத்த வருஷம் இந்த ஸ்கூலுக்கு ஒரு டீச்சர் போதும்னு எழுதிருவாங்க. போறது நீங்கதான். வேலில போற ஓணான எடுத்து மடில வுட்டுக்காதீங்க."

"நான் யாரு ஆளும் இல்லைங்க," என்றாள் பூவிழி. "போனா போறேன். டிசி கேட்டா எழுதிக் குடுங்க."

வகுப்புக்கு வந்து ஸ்டூலில் ஏறிச் சார்ட்டை இழுத்தாள். ஆணியோடு வந்துவிட்டது. கிழிக்கப் பார்த்தாள், லேமினேட் பண்ணினது எங்கே கிழியும்? கத்தரிக்கோலால் வெட்டினாள். உள்ளங்கையில் கத்தரிக்கோல் பதிந்து சிவந்தது, நல்லா வலிக்கட்டும் என்று இன்னும் அழுத்தி வெட்டினாள். இருபத்து மூணு டப்பாவையும் பாய் மேல் கொட்டினாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"இனிமே ஆளுக்கு ஒரு டப்பா கெடையாது. பொருளுக்கு ஒரு டப்பா. மணியெல்லாம் இந்த வாளில. குச்சிக் கட்டெல்லாம் அந்தக் கூடைல. அட்டையெல்லாம் தட்டுல. யாருக்கு எது வேணுமோ, யாரு வேணாலும் எடுக்கலாம். எங்க, பிரிங்க பாப்போம்!"

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒண்ணாம் வகுப்பு வாண்டு ஒன்று மணிக்குவியலில் ரெண்டு கையையும் விட்டது. அவ்வளவுதான், அறையே திருவிழா. பரணிதரனும் கவியாவும் ஒரே வாளிக்குள் தலையை விட்டு நீல மணிக்கு அடித்துக்கொண்டார்கள், முட்டிக்கொண்டு சிரித்தார்கள். பூவிழிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவுதானே, இதற்கா எட்டு வருஷம் என்று பல்லைக் கடித்தாள்.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அவளுக்குத் தூக்கமில்லை. திங்கட்கிழமை ஒன்பது அப்பன்மாரும் டிசி கேட்டு வந்து நிற்பார்கள், என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். சட்டம் சொல்லலாம், புகார் எழுதுவேன் என்று மிரட்டலாம். விடக் கூடாது.

திங்கட்கிழமை ஒருத்தரும் டிசி கேட்டு வரவில்லை. இருபத்து மூணு பேரும் ஆஜர். ஒன்பது பேரும் தலை சீவி, பவுடர் போட்டு, வரிசையில் நின்று வாழ்த்துப் பாடினார்கள். பூவிழி கமலவேணியை ஒரு பார்வை பார்த்தாள். பயந்து செத்தீங்களே, இப்ப என்ன சொல்றீங்க என்கிற பார்வை. கமலவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போயி வேணுங்கறத எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க," என்றாள் பூவிழி வகுப்பில்.

பதினாலு பேர் எழுந்து அலமாரிக்குப் போனார்கள். ஒன்பது பேர் உட்கார்ந்த இடத்திலேயே பையைத் திறந்தார்கள். ஆளுக்கொரு புத்தம்புது டப்பா, எல்லாம் ஆரஞ்சு மூடி. உள்ளே மணி, குச்சி, பகடை, கடையில் விற்கிற அட்டை.

"என்னடா இது?"

"வூட்லேருந்தே குடுத்து வுட்டாங்க டீச்சர்," என்றான் பரணிதரன். அவள் முகத்தைப் பார்க்காமல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். "அலமாரில எதையும் தொடக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு."

அவன் அப்பா வேணுகோபால் கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றார். ஊர்த்தெருவில் பெரிய கரும்புக்காரர், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறவர். பூவிழி போன வேகத்தைப் பார்த்து, செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வணக்கம் வைத்தார்.

"ஒம்பது டப்பாவும் நீங்க வாங்கிக் குடுத்ததா?"

"ஆமாங்க டீச்சர். அரியலூர் போயிருந்தேன், வாங்கியாந்தேன். ஏதாவது கொறையுதுங்களா?"

"எதுக்கு வாங்குனீங்கன்னு எனக்குத் தெரியும். வெக்கமா இல்ல உங்களுக்கு? உங்க வயக்காட்டுக் கரும்ப வெட்டுறது அந்தக் காலனிப் புள்ளைங்க அப்பா அம்மாதானே? அவங்க கை பட்ட கரும்ப லாரில ஏத்துவீங்க, அவங்க புள்ள கை பட்ட மணி மட்டும் ஆகாதா?"

வேணுகோபாலுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் கொடுமை.

"எம்புள்ளைக்கு நான் வாங்கிக் குடுத்ததுல என்னங்க தப்பு? பக்கத்துலதான் உக்காருறான், ஒண்ணாத்தான் சாப்புடுறான். நான் ஒண்ணும் சொல்லலையே." பைக்கில் ஏறி உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க பாப்பா எங்கங்க படிக்குது?"

"அரியலூர்ல."

"நம்ம மாதிரி கவர்மெண்ட் ஸ்கூலுங்களா?"

பூவிழி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் படிப்பது இங்கிலீஷ் மீடியம், மஞ்சள் வேன் வாசலுக்கே வரும். சேர்க்கும்போது அவளும் வீட்டுக்காரரும் நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கினார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகளாக வருகிறதா என்று அவளேதான் ஆபீஸில் விசாரித்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் வீட்டுக்காரர் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

"அங்க உங்க பாப்பா பக்கத்துல காலனிப் புள்ள எத்தனை உக்காருது டீச்சர்?" நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார், அதையும் மரியாதையாகக் கேட்டார். "நீங்க பாப்பாவுக்கு ஸ்கூலையே மாத்திட்டீங்க. நான் டப்பாவத்தான் மாத்துனேன். வரேங்க."

பைக் போய்விட்டது. திட்ட அவளிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது, எதைச் சொன்னாலும் அது சுற்றிக்கொண்டு அவள் தலையிலேயே வந்து விழும். கேட்டுக் கம்பியை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். கை மரத்துப்போனதுதான் மிச்சம்.

வகுப்புக்குத் திரும்பினாள். யாரும் சொல்லாமலே பிள்ளைகள் தாங்களே ஒழுங்கு பண்ணி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் ஒன்பது பேர், மடியில் டப்பா. அலமாரியைச் சுற்றிப் பதினாலு பேர். வாளியும் கூடையும் தட்டும் அவர்கள் நடுவில் இருந்தன. சத்தமில்லை, சண்டையில்லை. இப்போது யாராவது போட்டோ எடுத்தால் இன்னொரு அம்பத்தாறு பேர் கட்டைவிரல் தூக்குவார்கள்.

கவியா முன்னால் குச்சிக் கட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. அவள் அத்தனை கட்டுகளை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தாள்.

"டீச்சர், டீச்சர்! அவங்க யாரும் அலமாரிக்கு வர மாட்டாங்களாம். அப்ப இனிமே எல்லாமே எங்களுக்கு மட்டும்தானா?"

பூவிழி அவளைப் பார்த்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து வந்த கோபம் அவளுக்கு ஜென்மத்தில் வந்ததில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஜன்னலோரம் ஒன்பது ஆரஞ்சு மூடி வெயிலில் பளபளத்தது, இல்லை என்றால் அது பொய்.

"ஆமாடி," என்றாள்.