ஒன்றரைக் கட்டை

நீரஜா வாசிப்பதை அவள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. யாரும் என்றால் வேறு யார், கணவர் பத்ரிநாராயணன் ஒருவர்தான். அவர் பாடகர். மயிலாப்பூரில் மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள் கொண்ட வீடு. ஒரு அறையில் அவர் சாதகம் செய்துகொண்டிருக்க, அடுத்த அறையில் இவள் டொய்ங் டொய்ங் என்று பியானோ பழகினால் நன்றாகவா இருக்கும்? அதனால் எலக்ட்ரிக் கீபோர்டை வாங்கிய அன்றே ஹெட்போனையும் சேர்த்து வாங்கிவிட்டாள். அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு ஈ காக்கைக்கும் கேட்காது.

டேப்லெட்டுக்கு மட்டும் கேட்கும். தி.நகரில் அவள் சேர்ந்திருந்த இசைப் பள்ளியில் இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு ஆப். கீபோர்டையும் டேப்லெட்டையும் ஒரு வயரால் இணைத்துவிட வேண்டும். சரியாக வாசித்த ஸ்வரம் திரையில் பச்சையாகும், தப்பானது சிவப்பாகும். வாரக் கடைசியில் மார்க் வரும். வீட்டுப் பயிற்சியில் எழுபதுக்குக் கீழே போனால் ஆண்டு விழாவில் மேடை கிடையாது. இரண்டாங்கிளாஸ் பொடிசுக்கும் அதே சட்டம், ஐம்பதை நெருங்கும் நீரஜாவுக்கும் அதே சட்டம்.

அந்த மேடை அவளுக்கு வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், ரொம்பவே வேண்டியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து சபா சபாவாக முன்வரிசையில் உட்கார்ந்து கணவர் கச்சேரிக்குத் தாளம் போட்டவள் அவள். மாமிக்குத் தாளம் இம்மிகூடப் பிசகாது என்று எல்லாரும் மெச்சுவார்கள். மெச்சினால் ஆயிற்றா? மேடையிலிருந்து பார்த்தால் அந்த முன்வரிசை எப்படித் தெரியும் என்று ஒரே ஒரு தடவையாவது பார்த்துவிட அவளுக்கு ஆசை. அதற்காகத்தான் வால்ட்ஸ் என்ற ஒரு சின்ன மேற்கத்திய நடன மெட்டைப் பிடித்துக்கொண்டு உருப்போட்டாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மாதமாகத்தான் இந்தக் கூத்து. வாசிக்க ஆரம்பித்தால் திரை முழுக்கச் சிவப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு விரலைப் பார்த்துப் பார்த்து வைத்தாலும் சிவப்பு. மெஷினா பொய் சொல்லும், நமக்குத்தான் ஞானம் இல்லை என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். அந்தப் பயத்தில் பள்ளிக்கூடத்துப் பியானோவிலும் விரல் தடுமாறத் தொடங்கியது. போன வாரம் வாங்கிய மார்க் ஒன்பது.

ஆப்பைக் கணவர் நம்பரில் பதிந்திருந்ததால் மார்க் முதலில் அவருக்குத்தான் போகும். பத்ரிநாராயணன் நல்ல மனிதர், ஒரு நாளும் கேலி செய்ததில்லை. காபியை ஆற்றிக்கொண்டே போனைப் பார்த்தவர், "உனக்கு எதுக்கு நீரஜா இத்தனை சிரமம்? பேசாம விட்டுடேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தப் பரிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் நின்றுகொள்கிறேன், விழாவில் என் பெயரை எடுத்துவிடு என்று டீச்சருக்கு மெசேஜ் அனுப்பினாள்.

டீச்சர் ஜாஸ்மின் சாந்தோம் குப்பத்துப் பெண். சர்ச்சில் பாட்டுக் குழுவுக்கு வாசித்து வாசித்துத் தேறிய கை. மெசேஜைப் பார்த்ததுதான் தாமதம், அன்று சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இன்னா ஆன்ட்டி, மெசேஜ்லயே முடிச்சிட்டீங்க? ஒன்பது மார்க் வாங்குற கையா இது? எங்க, எனக்கு ஒருவாட்டி வாசிச்சுக் காட்டுங்க."

நீரஜாவின் கை பழக்கதோஷத்தில் ஹெட்போனைத் தேடியது. ஜாஸ்மின் முந்திக்கொண்டு அதைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். பக்கத்து அறையில் பத்ரிநாராயணன் பாடிக்கொண்டிருந்தார். அவர் பாடுகிறாரே என்று நீரஜா மெல்ல இழுத்தாள். பாடட்டும், நீங்களும் வாசியுங்கள் என்று சொல்லிவிட்டாள் ஜாஸ்மின்.

வாசித்தாள். முதன்முதலாக அந்த வீட்டுச் சுவர்களில் அவள் சங்கீதம் பட்டது. நாலு வரி போவதற்குள் பக்கத்து அறையில் பாட்டு நின்றுவிட்டது. ஆனாலும் நீரஜா நிறுத்தவில்லை. ஜாஸ்மின் அவள் விரலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். விரல் எல்லாம் சரியான இடத்தில், திரை எல்லாம் ரத்தச் சிவப்பு. ஒன்றும் புரியாமல் விழித்தாள்.

பத்ரிநாராயணன் வாசலில் வந்து நின்றார். கோபமாக இல்லை, ஆச்சரியமாகத்தான் நின்றார்.

"நீரஜா, இது என் சுருதியாச்சே. ஒன்றரைக் கட்டை. அங்க நான் பாடிண்டிருக்கேன், அப்படியே வந்து சேர்ந்துக்கறது."

ஜாஸ்மின் சட்டென்று குனிந்து கீபோர்டில் எண் காட்டும் சின்ன ஜன்னலைப் பார்த்தாள். வாத்தியம் முழுவதும் அரை ஸ்வரம் மேலே ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. இதை யார் ஏற்றி வைத்தது என்று கேட்டாள். பத்ரிநாராயணனின் முகம் சுண்டிப் போயிற்று.

விஷயம் இவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு முன்னால் அவருடைய சுருதிப் பெட்டி ரிப்பேராகிவிட்டது. அன்று முதல் விடியற்காலையில், நீரஜா அடுக்களையில் இருக்கும் நேரத்தில், அவர் கீபோர்டை வைத்துக்கொண்டு சாதகம் செய்தார். வெள்ளைக் கட்டையில் ஷட்ஜம் பிடிக்கத்தான் அவருக்குத் தெரியும். அதனால் ஒரு பட்டனைத் தட்டி மொத்த வாத்தியத்தையும் தன் குரலுக்கு உயர்த்திக்கொண்டார். திருப்பி இறக்கி வைக்கத் தோன்றவில்லை. ஸ்விட்சை அணைத்தாலும் அந்தப் பாழாய்ப்போன கீபோர்டு அதை மறக்காது. அவள் வைத்த விரல் சரி, டேப்லெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அடுத்த ஸ்வரம். ஆக, ஒரு மாதமாக அவர் சுருதியில் இவள் வாசித்திருக்கிறாள். சிவப்பாகாமல் என்ன ஆகும்?

"ஒரு தப்புகூட இல்ல ஆன்ட்டி. உங்க பேரு எங்கயும் போவாது, ஸ்கூல்ல நான் பேசிக்கிறேன்" என்றாள் ஜாஸ்மின். தனக்கே இது தோன்றாமல் போனதே என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம்.

பத்ரிநாராயணன் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

"நான்தான் மாத்தி வெச்சேன். எனக்கு உறைக்கவே இல்ல. விட்டுடுன்னு வேற சொன்னேனே."

சொல்லிக்கொண்டே பட்டனைத் தேடிக் கையை நீட்டினார். நீரஜா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் பிசிறவில்லை.

"அத அப்புறம் மாத்திக்கலாம். இப்ப நீங்க உக்காருங்கோ. முதல்லேர்ந்து முழுசா ஒரு தடவை கேளுங்கோ."

ஜாஸ்மின் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். அவர் சபாவில் உட்காருவது போல நிமிர்ந்து உட்கார்ந்தார். நீரஜா முதல் ஸ்வரத்திலிருந்து ஆரம்பித்தாள். எதிரே டேப்லெட் வழக்கம்போல் முழுக்கச் சிவப்பாகிக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பத்ரிநாராயணனின் வலது கை மெதுவாகத் தொடைக்குப் போயிற்று. மூன்று மூன்றாகப் போகும் அந்த நடையைப் பிடித்துக்கொண்டு, மனைவிக்குத் தாளம் போட ஆரம்பித்தார்.