எடுக்கக் கூடாத அழைப்பு

முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். இரண்டாவது மணிக்குள் எடுக்காவிட்டால் சூப்பர்வைசர் மெமோ நீட்டிவிடுவார். அப்படிப்பட்ட நான்தான் அன்றைக்கு எடுக்கவில்லை.

நான் அக்கா என்று கூப்பிடுவது கூடப்பிறந்தவளை அல்ல. பக்கத்துத் தெருவில் தனியாக இருந்த ரிட்டயர்டு நர்ஸ். காலை ஆறு மணிக்கு அவள் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், பதிலுக்கு நான் ஒன்று. இன்னும் இருக்கிறோம் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது, எடுத்தவள்தான் அன்றைக்கு டீ போட வேண்டும். அவசரம் என்றால் என்ன செய்வது என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஏழு மணிக்கு வந்து என் பிரஷரைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே என் மருமகளையும் அவள் மருமகனையும் ஒரு பிடி பிடிப்போம். நூற்று முப்பதைத் தாண்டாது. எல்லாம் மாத்திரையால்தான் என்பான் மகன். என் உடம்பு எனக்குத் தெரியாதா?

அன்றைக்கு மணி நிற்கவே இல்லை. என்னிடம் டீ கறக்கப் பார்க்கிறாள் என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஏழாகியும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் குளியலறை வாசலில் கிடந்தாள். போன் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நான் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். சிநேகிதி என்றேன். சொந்தக்காரர்கள் மட்டும்தான் உள்ளே போகலாமாம். நான்கு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் அக்காவின் மகள் அவளைத் தன் ஊருக்கே கொண்டுபோய்விட்டாள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது மன்னிப்புக் கேட்டேன். அக்காவுக்குப் பேச்சு போயிருந்தது. காதில் விழுந்ததா என்றும் தெரியவில்லை.

நேற்று டாக்டர் பார்த்தார். நூற்று எண்பது. வீட்டில் ஏதாவது கவலையா என்று கேட்டார்.

அதெல்லாம் ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்றான் மகன். பாவம், அவன் சொன்னதில் பொய் கிடையாது.

"ஒருத்தி போயிட்டா டாக்டர்," என்றேன்.

"இறந்துட்டாங்களா?"

"இல்ல."

"சொந்தமா?"

"இல்ல."

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.