இன்று மழை இல்லை

விராலிமலை பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் முதலில் மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அடுத்து அழகுமலையின் சைக்கிள் கடைப் பலகையைப் பார்ப்பார்கள்.

பதினான்கு வாடகை சைக்கிள்கள், கடைக்குள் ஒரு ரேடியோ, வாசலில் ஒரு கரும்பலகை. சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கு அப்போது பஸ் கிடையாது. அழகுமலையிடம் சைக்கிள் எடுத்து ஒரு மணி நேரம் மிதித்தால்தான் ஊர் போய்ச் சேரலாம். கிழக்கே நாலு மைலில் காட்டாறு. வருஷம் முழுக்க மணல்தான். மேற்கே மலைப்பக்கம் கொட்டினால் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வந்து தரைப்பாலத்தை மூழ்கடித்துவிடும். அதனால் அக்கரைக்காரர்கள் மழை உண்டா என்று பார்க்காமல் சைக்கிளைத் தொடமாட்டார்கள்.

முதல் நாள் சாயங்காலம் ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்டு, காலையில் கடை திறந்ததும் அழகுமலை சாக்பீஸால் எழுதுவார். ரேடியோ என்ன சொன்னாலும் அவர் எழுதுவது ஒன்றுதான். ‘இன்று மழை இல்லை.’ மழை என்று எழுதினால் சைக்கிள் எடுக்க ஆள் வராது. இந்தச் சூட்சுமம் ஊருக்கு எட்டவில்லை. வருஷத்தில் முந்நூறு நாள் காய்கிற மண். அங்கே மழை இல்லை என்று சொல்கிறவன் பொய்யன் ஆவதற்கு நாளாகும்.

சூசைமாணிக்கத்துக்கு அந்த நாள் ஒரு ஐப்பசியில் வந்தது.

அவன் உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் வாத்தியார். திருச்சியில் படித்த பி.ஏ. இருபத்தாறு வயது. மனைவி வியாகுலமேரி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். தாய்வீடு அக்கரையில், ஆவூர்ப் பக்கம். ஒரு வியாழக்கிழமை காலை மைத்துனன் ஆரோக்கியமுத்து ஆள் அனுப்பியிருந்தான். “வலி கண்டிருக்கு. பொழுது சாயத்தான் ஆகும்னு மருத்துவச்சி சொல்றா. மச்சான் வந்தா வண்டி கட்டி ஆத்தத் தாண்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாம்.”

அன்றைக்குப் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாள். சூசைமாணிக்கம் கடைக்குப் போய்ப் பலகையைப் பார்த்தான். மழை இல்லை.

“சாயங்காலம் போனாத் தோதுப்படுமா?”

“வானத்தைப் பாருங்க சார், வெளுத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி இருக்கு. பள்ளிக்கூடம் விட்டு வாங்க. ஏழாம் நம்பரு புது டயரு. ஒங்களுக்குன்னு எடுத்து வைக்கிறேன். பிள்ளை பொறந்தா எனக்கு மொதக் கல்கண்டு” என்றார் அழகுமலை.

நாலரை மணிக்கு அவன் ஆற்றங்கரையில் நின்றபோது தரைப்பாலம் இல்லை. செம்மண் தண்ணீர் இருந்தது. அக்கரையில் ஆரோக்கியமுத்து நின்று கைகளை ஆட்டி ஏதோ கத்தினான். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் கையை ஆட்டுவதை நிறுத்தித் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். அதற்குச் சத்தம் தேவைப்படவில்லை.

தண்ணீர் சனிக்கிழமைதான் வடிந்தது. தாயையும் பிள்ளையையும் வெள்ளிக்கிழமையே அடக்கம் செய்துவிட்டார்கள். அவன் பார்த்தது மண்மேட்டை.

பத்து நாள் கழித்துச் சக ஆசிரியர் ஆத்மநாதன் பேச்சுவாக்கில் சொன்னார். “பொதன்கிழமை சாயங்காலமே ரேடியோவுல சொன்னானே சார், பலத்த மழைன்னு. நீங்க கேக்கலையா?”

அன்றிலிருந்து சூசைமாணிக்கம் அழவில்லை. தினமும் சாயங்காலம் ஆத்மநாதன் வீட்டுக்குப் போய் ரேடியோ கேட்டான். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டான். ரேடியோ சொன்னது, அழகுமலை எழுதியது, வானம் செய்தது. சனிக்கிழமைதோறும் கல்லறைக்குப் போய்வர அதே கடையில் அதே ஏழாம் நம்பரை எடுத்தான். பயணத்தை நோட்டைப் பார்த்து வகுத்துக்கொண்டான். பேச்சு வார்த்தை இல்லை. அழகுமலை அதைத் துக்கம் என்று எண்ணிக்கொண்டார்.

சித்திரை பிறந்ததும் அவன் பள்ளியின் வெளிச்சுவரில் ஒரு பலகை மாட்டினான். ரேடியோ சொன்னதைச் சொன்னபடி எழுதினான். ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்.’ அதைப் படித்தவர்கள் அழகுமலையின் பொய்யைக் காண்பார்கள், கடை படுக்கும், நாலு பேர் முன்னால் அவர் தலை குனியும் என்பது கணக்கு.

மழை பெய்யவில்லை. மறுநாளும் எழுதினான். மறுநாளும் வெயில் கொளுத்தியது. மூன்றாம் நாள் பஸ் ஸ்டாப்பே சிரித்தது.

“ஓரிரு இடம்னா எந்த இடமாம்? வாத்தியார் வீட்டு ஓடா?” என்றான் கடையில் பஞ்சர் ஒட்டுகிற ஆண்டிச்சாமி.

“அட, சும்மா இருடா. படிச்சவுக எழுதுனா அப்பிடித்தான், பெய்யலாம்பாக, பெய்யாமலும் இருக்கலாம்பாக. நமக்கு அவ்வளவு படிப்பு இல்ல. ஒரே வார்த்தை, இல்லைன்னா இல்ல” என்றார் அழகுமலை.

சித்திரையிலிருந்து புரட்டாசி முடிய நோட்டைக் கூட்டிப் பார்த்தான். நூற்று எண்பது நாளில் ரேடியோ தப்பியது ஐம்பத்திரண்டு. அழகுமலை தப்பியது பதினேழு. மெய் சொன்னவன் தோற்றிருந்தான். பொய்க்கு வானமே சாட்சி சொல்லியிருந்தது. அன்றே சுவரிலிருந்து பலகையைக் கழற்றினான். ஊர் முன்னால் தலை குனியவைக்கிற எண்ணத்தையும் கைவிட்டான். ஊர் வேண்டாம். அந்த ஒரு மனிதர் போதும். அந்தக் கரையில், அதே மாதிரி, நிற்க வேண்டும்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோ மேற்கே பலத்த மழை என்றது. சூசைமாணிக்கம் மறுநாள் பயணத்தை முன்னுக்குத் தள்ளினான். சைக்கிளை அன்று இரவே எடுத்து வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே ஆற்றைக் கடந்து, கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, ஒன்பதரைக்கெல்லாம் இக்கரைக்குத் திரும்பிவிட்டான். மேற்கு வானம் சட்டிக்கரி போலக் கிடந்தது. தலைக்கு மேலே வெயில்.

எதிரே ஒரு சைக்கிள் வந்தது. அழகுமலையின் மகன் ராசு. இருபத்திரண்டு வயது. தையில்தான் கல்யாணம் ஆனது. அவன் மனைவியும் தலைப்பிரசவத்துக்கு அக்கரையில் மேலப்பட்டியில் இருந்தாள். கேரியரில் ஒரு பலகாரத் தூக்கு.

“என்ன சார், கருக்கல்லயே போயிட்டு வந்துட்டீங்க? அங்கிட்டு மேக்கே இருட்டிக்கிட்டு நிக்குதே. மழை வருமா?”

சூசைமாணிக்கம் அந்த முகத்தைப் பார்த்தான். அப்பாவின் பல்வரிசை.

“ஒங்க அப்பா பலகையில என்ன எழுதியிருக்கு?”

“இல்லைன்னுதான். எழுதிட்டு மொத பஸ்ஸுக்குத் திருச்சி போயிட்டாக, டியூப் வாங்க.”

“அப்ப இல்ல.”

ராசு சிரித்தான். “அதானே. ரேடியோக்காரனா மேகத்தைப் புடிச்சுக் கட்டி வச்சிருக்கான்? வாரேன் சார்.”

சூசைமாணிக்கம் போகவில்லை. கரையில் மருதமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றான். ராசு தரைப்பாலத்தில் இறங்கினான். பாதி தூரத்தில் தூக்கு சரிந்தது. நின்று கட்டினான். நிதானமாகக் கட்டினான். மேற்கே ஆறு திரும்புகிற இடத்தை சூசைமாணிக்கம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒன்றும் வரவில்லை. ராசு அக்கரை ஏறினான், திரும்பிக் கையைக் காட்டினான், மேலப்பட்டிப் பாதையில் மறைந்தான்.

ஏமாற்றமாக இருந்தது. அதை அவன் தன்னிடம் மறைத்துக்கொள்ளவில்லை.

முக்கால் மணி கழித்துத் தண்ணீர் வந்தது. முதலில் சருகும் நுரையும், பிறகு ஆளுயரம்.

பதினொரு மணிக்கு இங்கேயும் மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டுக்கு மேல் அழகுமலை சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். பின்னால் ஆண்டிச்சாமி. திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சேதி கேட்டு நேரே வந்திருக்கிறார். ஒரு கையில் டியூப் பொட்டலம் அப்படியே இருந்தது. ஆற்றைப் பார்த்ததும் அது கீழே விழுந்தது.

“சார், நம்ம பயலைப் பாத்தீங்களா?”

“பாத்தேன். போனான்.”

“எப்ப?”

“தண்ணி வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி.”

“அக்கரை ஏறிட்டானா? ஏறுறதைப் பாத்தீங்களா சார்?”

சூசைமாணிக்கம் மழையைத் துடைத்துக்கொண்டான். ஒரு வருஷமாகத் தேடியது கைக்கெட்டும் தூரத்தில், நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றது.

“நான் திரும்பி நின்னேன். பாக்கல.”

அழகுமலை உட்கார்ந்தார். அப்புறம் எழுந்தார். கரையோரம் மேலும் கீழும் நடந்து மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கரையில் ஈ காக்கை இல்லை. மழைக்கு யார் வருவார்கள்? ஒரு மரக்கிளை மிதந்து போனது. அதைக் கண்டு அவர் போட்ட சத்தத்தில் ஆண்டிச்சாமி பயந்துபோய் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். கிளைதான் என்று அவரே கண்டு, மறுபடி உட்கார்ந்தார்.

சூசைமாணிக்கம் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவர் கை எப்படி ஆடுகிறது, வாய் எப்படிக் கோணுகிறது. தன் கையும் வாயும் போன வருஷம் இப்படித்தான் இருந்திருக்கும். அப்போது பார்க்க ஆள் இல்லை.

மூன்று மணிக்கு அழகுமலை அவன் பக்கம் திரும்பினார்.

“ரேடியோவுல சொன்னான் சார். நேத்தே சொன்னான். நாந்தான் மாத்தி எழுதுனேன்.”

“போன வருஷமும் சொன்னான்.”

அழகுமலை அவனை வெகுநேரம் பார்த்தார். எதிரே நிற்பவன் யார் என்று அப்போதுதான் புரிந்தது போலிருந்தது. கைகளைக் கூப்பினார். காலிலாவது விழுவார் என்று சூசைமாணிக்கம் எதிர்பார்த்தான். அவர் சட்டையைக் கழற்றினார்.

“அண்ணே, என்ன பண்றீங்க?” என்றான் ஆண்டிச்சாமி.

“கீழ முள்ளுப்புதர்ல தொத்திக்கிட்டு இருந்தாலும் இருப்பான்டா. நான் போயிப் பாக்குறேன்.”

“யானை நிக்காது அண்ணே இதுல!”

அழகுமலை வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி இறங்கினார். முழங்கால். தொடை. இழுப்பில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

அது சூசைமாணிக்கத்தின் கணக்கில் இல்லாதது. அவன் கேட்டது நிற்பதை. போவதை அல்ல. ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்தான். பேசாமலே இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. பிறகு கரைச் சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கி அவர் தோளைப் பிடித்தான்.

“ஏறிட்டான். அக்கரை ஏறிட்டான். என் கண்ணால பாத்தேன். கைகூடக் காட்டுனான்.”

அழகுமலை நின்றார். அவர் முகத்தில் வெளிச்சம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

“மூணு மணி நேரமா வாயத் தொறக்கல சார் நீங்க.”

“பாத்தேன். வேணும்னுதான் சொல்லல.”

“என்னை நிப்பாட்டறதுக்காகச் சொல்றீங்க. நான் செஞ்சதுக்கு, நீங்க போய் இப்பிடிச் சொல்றீங்களே. நல்ல மனசு சார் ஒங்களுக்கு.” தோளிலிருந்த அவன் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எடுத்தார். “விடுங்க.”

“மாதா சத்தியமா.”

அழகுமலை அடுத்த அடி வைத்தார். அந்த இடத்தில் பாலத்தின் விளிம்பு.

தலை இரண்டு முறை தெரிந்தது. ஆண்டிச்சாமி கரையோடு கத்திக்கொண்டே ஓடினான். சூசைமாணிக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் பாலத்து முகப்பில் நட்ட கல்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு இறங்கியது. அரை மைல் கீழே கருவேல முள்ளில் அழகுமலை கிடைத்தார். கரைக்குக் கொண்டுவந்து கிடத்தி, கட்டில் வருவதற்காகக் காத்திருந்தார்கள். சூசைமாணிக்கம் வீட்டுக்குப் போகவில்லை. யாரும் அவனைப் போகச் சொல்லவுமில்லை.

ராசு அக்கரையிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். கூட்டத்தைக் கண்டு வேகமாக வந்தான். சைக்கிளை மணலில் போட்டான். அப்பாவின் மார்பில் முகத்தை வைத்து அழுது முடிக்க நேரமானது. ஆண்டிச்சாமி நடந்ததைத் தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னான். நீ ஆத்தோட போயிட்டேன்னு நெனச்சு எறங்கிட்டாரு.

ராசு தலையை நிமிர்த்தினான். கண் கூட்டத்தில் தேடிச் சூசைமாணிக்கத்தில் வந்து நின்றது.

“நான் கை காட்டுனதை நீங்க பாத்தீங்கள்ல சார். அப்பாகிட்டச் சொல்லலையா?”

“சொன்னேன்.”

“எப்ப?”

ஆண்டிச்சாமி குறுக்கே வந்தான். “டேய், அவரு தோளப் புடிச்சுச் சத்தியமே பண்ணாருடா. அண்ணந்தான் நம்பல.”

அந்த இடத்தில் சூசைமாணிக்கம் சும்மா இருந்திருக்கலாம்.

“அவர் தண்ணியில எறங்குன பெறகு” என்றான். “அதுக்கு முந்தி கேட்டாரு. பாக்கலைன்னு சொன்னேன்.”

கட்டில் வந்தது. மூன்று பேர் குனிந்தார்கள். தலைமாட்டில் ஒரு ஆள் குறைந்தது. சூசைமாணிக்கம் போய்க் கட்டில் காலைப் பிடித்தான். ராசு வந்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் காலிலிருந்து பிரித்து எடுத்தான். அடிக்கவில்லை, ஏசவில்லை. அந்த இடத்தில் தன் தோளைக் கொடுத்தான்.

“தூக்குங்க” என்றான்.