எண்ணுக்கு அடியில் ஒரு கோடு

ஒரு டஜன் மூடித் தகடுகள் தப்பாக வெட்டப்பட்டுக் கிடந்தன. வரைபடத்தின் மூலையில், வரைந்தவர் என்ற கட்டத்தில் என் பெயர்: தங்கம். பழி போட ஆள் தேடும் சிரமம் யாருக்கும் இல்லை.

அடுத்த மாதம் என் புரொபேஷன் முடிய இருந்தது. தப்பு என்னுடையது என்று ஃபைலில் ஏறினால் வேலை போச்சு. போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் என் அப்பா, கத்தரிக்காய்க்குக்கூடச் சொல்லி வைத்திருக்கிறார், "என் பொண்ணு இன்ஜினியர்" என்று.

எண்பத்தெட்டில் எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு ஏசி அறை கட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். தேங்காய் உடைத்து, திரைக்குச் சந்தனம் வைத்தார்கள். பெரிய மனிதர்கள் கும்பிட்டதோடு சரி. டிராயிங் போர்டில் ஒரு பெண்ணை உட்கார வைக்க மனசு வராமல் என்னை இங்கே தள்ளினார்கள். சாமியைத் தொட்டது நான்தான்.

தகடுகள் கெட்டதற்கு ஒரு மாதம் முன்னால் டெபுடி மேனேஜர் சாரங்கபாணி வந்து நின்றார். காலமெல்லாம் போர்டில் வரைந்தவர்.

"துளைக்கும் விளிம்புக்கும் நடுவுல நூத்தெண்பதுன்னு இருக்கு பாரு. நூத்தெண்பத்தஞ்சா மாத்து."

"கோட்டை இழுக்கணும் சார். இழுத்தா எண் தானா மாறிடும். பக்கத்துத் துளைகளையும் நகர்த்தணும், அரை நாள் ஆகும்."

"நக்கோ ம்மா, அதெல்லாம் வேணாம். கோடு கிடக்கட்டும், எண்ணை மட்டும் மாத்து. போர்டுல அப்படித்தானே பண்றோம்?"

"போர்டுல போட்டதை ஆள் படிச்சு வெட்டறான் சார். இது நேரா மெஷினுக்குப் போகுது. அதுக்கு எண் படிக்கத் தெரியாது. கோடு எவ்வளவோ அவ்வளவுதான் வெட்டும்."

"நான் முதல் கோடு போட்டப்போ நீ பொறக்கவே இல்லை. போய் டீ குடிச்சுட்டு வா."

திரும்பி வருவதற்குள் ஒற்றை விரலால் தட்டி மாற்றி, மெஷினுக்கான டேப்பைத் தகடு வெட்டும் ஷாப்புக்கும் அனுப்பிவிட்டார். நிறுத்தச் சொன்னேன். "கையெழுத்துப் போட்டாச்சு" என்று போய்விட்டார்.

விசாரணை அந்த ஏசி அறையிலேயே நடந்தது. அதிகாரிகள் எல்லாரும் வெறுங்காலோடு நின்றார்கள். ஜி.எம். ரகுநாதனின் சாக்ஸிலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

"மெஷின் மேல தப்பில்ல சார். பாருங்க" என்று திரையில் தகட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தேன். மற்ற அளவுகள் எல்லாம் மாறின. நூற்றெண்பத்தைந்து மட்டும் பர்மனென்ட் ஆன குமாஸ்தா மாதிரி அசையவே இல்லை. "இது கையால அடிச்ச எண்."

"யார் அடிச்சது?"

சாரங்கபாணி முந்திக்கொண்டார். "பொண்ணு புதுசு சார். தெரியாம பண்ணிடுத்து. பெரிசு பண்ணாம வீட்டுக்கு அனுப்பிடலாம்."

உச்சந்தலை வரைக்கும் சுட்டது. 'நான் இல்லை' என்று கத்தினால், அழுகிறாள் என்பார்கள். திரையைப் பெரிதாக்கினேன்.

"எண்ணுக்குக் கீழ ஏதோ கோணல் கோடு இருக்கு சார். வேலை தெரியாத எவனோ இழுத்துவிட்டிருக்கான். அசிங்கமா இருக்கு, அழிச்சுடறேன்."

"அழிக்காதே!" சாரங்கபாணி பாய்ந்து வந்தார். "யாரு வேலை தெரியாதவன்? கோட்டு நீளமும் எண்ணும் ஒத்துப்போகலைன்னா எண்ணுக்கு அடியில கோடு போடணும். அதான் முறை! என் சர்வீஸ்ல ஒரு தடவைகூட நான் அதை விட்டதில்லை. இதுலயும் விடலை!"

அதிகாரிகள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"ஹவ், ஆமா," என்றார் ஜி.எம்., தன் கட்டைவிரலைப் பார்த்தபடி. "நன்னா போட்டிருக்கீர் ஓய்."

என் வேலை நிரந்தரமானது. சாரங்கபாணிக்கு ஒன்றும் ஆகவில்லை. பப்ளிக் செக்டாரில் யாருக்கு என்ன ஆகும்? கெட்டுப்போன தகடு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஏசி அறை வாசலில் செருப்பு விடும் இடத்தில் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் அவர் அதில்தான் கால் இடித்துக்கொள்கிறார். வெறுங்கால்.