குட்டை அலகுப் பிள்ளை

பல்செட்டுக்காரருக்கு உலகத்தில் பிடிக்காதவை இரண்டு. ஒன்று, அரைகுறையாக அச்செடுத்து அனுப்பும் பல் டாக்டர்கள், மற்றொன்று, தெருப்புறாக்கள். டாக்டர்களை ஒரு வார்த்தை சொல்ல முடியாது, அவர்கள் கொடுக்கும் பல்செட் வேலையால்தான் பிழைப்பே நடக்கிறது. ஆகவே மொத்தக் கோபமும் புறாக்களின் தலையில் விடியும்.

"ரவுடிப் பசங்க. வம்சம்னு ஒண்ணு உண்டா அதுங்களுக்கு?"

மொட்டை மாடியில் கம்பிவலைக் கூண்டு கட்டி அவர் வளர்த்த புறா ஜோடிக்கு வம்சம் உண்டு. பந்து மாதிரி தலை, அரிசிமணி அளவுக்கு அலகு. அந்த அலகுக்காகவே பல தலைமுறைகளாகப் பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்த ரகம். பறக்கச் சொன்னால் கூண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் மூச்சு வாங்கும். அழகு என்னவோ அழகுதான். ஆனால் பெற்ற குஞ்சுக்கு ஊட்ட அந்த அலகுக்கு வக்கில்லை. முட்டையை எடுத்து, நீள அலகுள்ள செவிலிப் புறாவுக்கு அடியில் வைக்க வேண்டும். செவிலியும் ஏறக்குறைய அதே நாளில் முட்டையிட்டிருக்க வேண்டும். அப்போதுதான் குஞ்சு பொரிக்கிற நேரத்தில் அதன் தொண்டையில், புறாக்கள் குஞ்சுக்குக் கக்கி ஊட்டும் பால் ஊறும்.

இரண்டு வருஷமாக அந்த ஜோடி போட்டதெல்லாம் கூமுட்டை. இந்த முறை, பல்லுக்குப் பூசும் பசையை இறுக்கும் விளக்கை முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். ஒன்றில் சிவப்பாக நரம்பு ஓடியது. பெட்டைக்கு வயதாகிவிட்டது, இனி முட்டையிடும் என்று சொல்வதற்கில்லை. இந்தக் குஞ்சு பிழைத்தால் வம்சம் உண்டு, இல்லையென்றால் அத்தோடு சரி.

அந்த வாரம் பார்த்துத்தானா செவிலி ஜோடியின் ஆணைப் பருந்து கொண்டுபோக வேண்டும்? பெட்டை அடையை விட்டு எழுந்து போய்விட்டது.

தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். யாரிடமும் நாள் பொருந்தும் ஜோடி இல்லை. கடைசியில் கீழ்வீட்டு அக்கா முன்னால் போய் நின்றார்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை. தம்பியின் முகத்தைப் பார்த்தே என்ன கேட்க வந்திருக்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவாள். அவளுடைய குளியலறை ஜன்னலுக்கு வெளியே இருந்த திட்டில் ஒரு தெருப்புறா ஜோடி குடியிருந்தது. போன மாதம்தான் தம்பி வந்து, கேட்காமல் கொள்ளாமல் அங்கே வலை அடித்துவிட்டுப் போனார். மறுநாளே அக்கா கத்தரிக்கோலால் அதில் ஒரு வாசல் வைத்துவிட்டாள்.

"அக்கா, உன் ஜன்னல்ல அதுங்க எப்ப முட்டை போட்டுது?"

"எந்த அதுங்க? ரவுடிங்களா?"

"வெளையாடாதக்கா. வம்சமே போயிடும் போலிருக்கு."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "தண்ணி வராம அல்லாடினோமே, அன்னிக்கு ஒண்ணு. ஒரு நாள் விட்டு இன்னொண்ணு. ஒண்ணு உருண்டு கீழ விழுந்து போச்சு. நாலு குச்சியும் ரெண்டு துண்டு ஒயரும் வச்சுக் கட்டினா வேற என்ன ஆகும்?"

அவர் விரல்விட்டு எண்ணினார். ஒரே ஒரு நாள்தான் வித்தியாசம்.

பஞ்சு வைத்த பல்செட் டப்பாவில் முட்டையைக் கீழே கொண்டுவந்தார். தெருப்பெட்டை புறங்கையில் நாலு கொத்து கொத்தியது. வலியைப் பொறுத்துக்கொண்டு உள்ளே தள்ளினார். அது குனிந்து பார்த்தது, இரண்டையும் வயிற்றுக்கடியில் இழுத்து உட்கார்ந்துவிட்டது. யார் பெற்றது என்று கேட்கவே இல்லை.

இரண்டும் பொரித்தன. அதற்குப் பிறகு அக்கா எப்போது குளிக்கிறாள் என்பது தம்பிக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அவள் வெளியே வந்ததும் உள்ளே போய், கவிழ்த்த வாளியில் ஏறி நின்றுவிடுவார். தெருக்குஞ்சு தளதளவென்று வளர்ந்தது. குட்டை அலகும் சளைக்கவில்லை. தகப்பனின் வாய்க்குள் தலையையே நுழைத்துத் தின்றது. பெட்டை அடுத்த முட்டைக்குத் தயாராகிவிட, தகப்பன்தான் இரண்டு வாயையும் நிரப்பியது. எங்கெங்கோ போய்ப் பொறுக்கி, தொண்டை புடைக்கத் திரும்பி வரும். அது வந்ததும் பல்செட்டுக்காரர் வழிவிட்டு ஜன்னலை விட்டுச் சற்று விலகிக்கொள்வார்.

நாலாவது வாரம் அவசரப்பட்டார். புறா வளர்ப்பில் பேர்போன தாடிக்கார நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பேர்ப்பட்டவரைக் குளியலறைக்கா கூட்டிக்கொண்டு போவது?

"இன்னும் அப்பன் வாயிலதான்டா சாப்பிடுது," என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியும்க்கா."

வியாழக்கிழமை குஞ்சை எடுத்து மாடிக் கூண்டில் விட்டார். பெற்றவை இரண்டும் அந்நியனைப் பார்ப்பதுபோல் பார்த்து, தலையில் கொத்தி விரட்டின. குஞ்சு மூலையில் ஒடுங்கியது. தீனியைத் தொடவில்லை. கூழ் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுத்துப் பார்த்தார், அலகை இறுக்கிக்கொண்டது. வற்புறுத்தினால் புரையேறிச் செத்துப்போகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூண்டுக்குள் உட்கார்ந்து அதைக் கையில் எடுத்தார், கனமே இல்லை.

"என் அவசரம்க்கா," என்றார், மாடிக்கு ஏறி வந்த அக்காவிடம். "நானே கொன்னுட்டேன்."

அக்கா வழக்கம்போல் கிண்டல் செய்யவில்லை. "கீழ கொண்டுபோய் விட்டுடலாம், வா."

அதற்குள் கம்பிவலையில் படபடவென்று ஏதோ மோதியது. தெருத்தகப்பன். குஞ்சின் கீச்சுக்குரல் கேட்டுத்தான் வந்திருக்கும். குஞ்சு அவர் கையிலிருந்து துள்ளி இறங்கி ஓடி வலையில் முட்டியது. இரண்டும் வாயை வாயோடு சேர்க்கப் பார்த்தன; கம்பி விடவில்லை.

வெளிப்புறா என்றால் வியாதி என்பார் அவர். செருப்பைக்கூட மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் கூண்டுக்குள் போவார். அப்பேர்ப்பட்டவர் எழுந்து கதவை அகலத் திறந்தார்.

தெருப்புறா பயந்து ஓடவில்லை. உள்ளே நடந்து வந்தது. நேராகக் குஞ்சிடம் போகும் என்று பார்த்தால் தீனித்தொட்டிக்குப் போனது. விலை உயர்ந்த பருப்பும் சோளமுமாக ஆற அமரத் தின்றது.

"ஐயா சாமி, சீக்கிரம்," என்று கெஞ்சினார் பல்செட்டுக்காரர்.

ஒரு வாய் தண்ணீர் குடித்தது. பிறகு திரும்பி வந்து வாயைத் திறந்தது. குஞ்சு தலையை உள்ளே விட்டது. இரண்டு உடம்பும் குலுங்கின. அவர் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அக்கா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

குஞ்சின் தொண்டை நிரம்பிய பிறகு, அவரே அதை ஏந்திக்கொண்டு கீழே போய்த் திட்டில் விட்டார். தகப்பன் அவருக்கு முன்னால் அங்கே வந்து நின்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தாடிக்காரர் அக்காவின் குளியலறையில், கவிழ்த்த வாளிமேல் ஏறி நின்று ஜன்னலை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அலகுன்னா இது அலகு! யாரோடது?"

"பெத்தது நம்ம ஜோடிதான்," என்ற பல்செட்டுக்காரர் தெருத்தகப்பனைக் காட்டினார். "பிள்ளை இவங்களோடது. சத்தம் போடாம பாருங்க, சாப்பிடுற நேரம்."